குப்பைத்தொட்டிக்கு ஒரு வழி

இனிமேல் மரியாதை கெட்டவனாக வாழ்வது என்று கிளைவ் பென்டில் முடிவெடுத்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சின்ன வயதிலேயே ஆரம்பித்திருக்க வேண்டிய காரியம். அதில் இவ்வளவு லாபம் இருக்கிறது என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வேறு யாராவது எடுத்திருந்தால் இது ஒரு முடிவே இல்லை. கிளைவ் எப்படிப்பட்டவர் தெரியுமா? விளக்குக் கம்பத்தில் தானே போய் முட்டிக்கொண்டு, கம்பத்தைப் பார்த்து "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்கிறவர். ரயிலில் ஒருவர் இவர் காலை மிதித்துக்கொண்டு நின்றால், அந்த ஆள் ஊர் வந்து இறங்குகிற வரைக்கும் காலை உருவமாட்டார். உருவினால் அவர் மனசு சங்கடப்படுமாம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த காலத்தில், வாங்கிப்போன கண்ணாடி சரியாகத் தெரியவில்லை என்று யாராவது திரும்பி வந்தால், அவர்களுடைய கண்ணிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதரை இங்கிலாந்துச் சட்டம் கெடுத்துவிட்டது.

டெர்பிஷயரில் மலையோரத்துச் சின்ன ஊர் அது. காப்ளர்ஸ் ரோ என்று ஒரு தெரு. ஒன்றையொன்று தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிற கல்வீடுகள். கடைசி வீடு ஆர்னால்ட் டகெட்டுடையது. பியானோக்களுக்குச் சுருதி சேர்த்து ஓய்ந்த மனிதர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், முதுகும் பாதி போய்விட்டது, குணம் மட்டும் குறையவில்லை. அவர் வீட்டை ஒட்டினாற்போல் கிளைவின் வீடு.

கிளைவின் வீடு என்று கிளைவ்தான் சொல்வார். உள்ளபடிக்கு அது மேவிஸின் வீடு. மேவிஸ் அவருடைய மனைவி. அவளுடைய அத்தை சாகும்போது அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன வீடு. குடிவந்த அன்றைக்குச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தவளும் மேவிஸ்தான். கிளைவ் தன் வழக்கப்படி வாசல் மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டே, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு, "வாயேன்" என்றாள். அதற்கப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கிளைவ் "என் வீடு", "என் வீடு" என்றே சொல்லிவந்தார். மேவிஸ் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. சில பேர் திருத்தாமல் விடுவது மறதியால் அல்ல என்பது கிளைவுக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம். அதில் சக்கரம் வைத்த குப்பைத்தொட்டிகள், நிறத்துக்கு ஒன்றாக. வியாழக்கிழமை காலையில் அவை தெருவுக்குப் போயாக வேண்டும். எந்த வாரம் எந்த நிறம் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. முதல் ஆள் எதை வைக்கிறாரோ அதைப் பார்த்து மற்றவர்கள் வைப்பார்கள். முதல் ஆள் யார் என்பதில்தான் வாராவாரம் இழுபறி.

நிறம் எதுவானாலும் போகும் வழி ஒன்றுதான். பின்கதவைத் திறந்து, ஆர்னால்டின் முற்றத்தைக் கடந்து, அவர் வீட்டுப் பக்கவாட்டில் இருக்கிற சந்து வழியாகத் தெருவுக்கு. சந்து ஆர்னால்டின் நிலம். அது இல்லையென்றால் தொட்டியைச் சமையலறைக்குள் ஏற்றி, கூடத்தின் வழியாக, மேவிஸின் பால்நிறக் கம்பளத்தின் மேல் உருட்டிக்கொண்டு முன்வாசலுக்குப் போகவேண்டும். அந்தக் கம்பளத்தின் மேல் கிளைவ் இன்றுவரை ஷூ காலோடு நடந்ததில்லை. மீன்முள்ளும் உருளைக்கிழங்குத் தோலும் ஒழுகுகிற தொட்டி அதன்மேல் உருளுவதை நினைத்தாலே அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

முதல் வியாழக்கிழமையே ஆர்னால்டிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கிளைவ் தொட்டியும் கையுமாகப் போய் நின்றார். ஆர்னால்ட் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கிளைவுக்கு வாய் வரவில்லை. பழகாத மனிதரிடம் எடுத்த எடுப்பில் வழி கேட்பதா? "மேகமா இருக்கு" என்றார். "சாயங்காலம் வெளுத்துடும்" என்றார் ஆர்னால்ட். தொட்டி போய்விட்டது. அடுத்த வாரமும் வானிலைதான் பேசினார்கள். மாதம் ஒன்று ஓடியதும் கேட்கிற கட்டமே தாண்டிவிட்டது. இப்போது போய்க் கேட்டால் இத்தனை நாள் கேட்காமல் போனது அல்லவா வெளியே வரும்? அதனால் கிளைவ் கேட்கவே இல்லை. மழை, காற்று, பனி என்று பேசியே இருபது வருஷத்தை நெருங்கிவிட்டார்கள்.

அந்த வசந்தகாலத்தில் ஆர்னால்ட் வீட்டு வாசலில் விற்பனைக்கு என்று பலகை நட்டார்கள். முதுகு ஒத்துழைக்கவில்லை, கடற்கரை ஊரில் இருக்கிற மகளிடமே போய்விடப் போகிறாராம். இரண்டொரு வாரத்தில் வாங்குகிற ஆளும் வந்தார். டிரப்ஷா என்று பெயர். அகலமான மனிதர். சந்துக்குள் நின்று அளவு நாடாவை நீளவாட்டில் பிடித்தார், குறுக்குவாட்டில் பிடித்தார், தலையை ஆட்டிக்கொண்டார். மாடி ஜன்னலில் இருந்து பார்த்த கிளைவுக்கு மனக்கண்ணில் தெரிந்தது ஒரு பெரிய இரும்புக் கதவும் அதில் ஒரு பூட்டும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஊருக்குள் போய் மிஸ் ஃபென்விக் என்ற வக்கீலைப் பார்த்தார். மேவிஸிடம் சொல்லவில்லை. மேவிஸுக்கு எல்லாரிடமும் நல்ல பேச்சுப் பேசித்தான் பழக்கம், சட்டமெல்லாம் ஆண்பிள்ளை விஷயம் என்பது கிளைவின் எண்ணம்.

மிஸ் ஃபென்விக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"யாரையாவது தள்ளிவிட்டுட்டுப் போனீங்களா?"

"ஐயோ, இல்லீங்க."

"ஒளிஞ்சு மறைஞ்சு?"

"பட்டப்பகல்ல. தொட்டிச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்."

"அனுமதி கேட்டீங்களா?"

கிளைவ் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷத்து வெட்கம் முகத்தில் ஏறிவிட்டது. "அதுதாங்க... கேட்கவே இல்லை. தப்புதான். எப்படிக் கேட்கறதுன்னு தெரியலை."

"அப்ப உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார் மிஸ் ஃபென்விக்.

கிளைவுக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். அவரும் சொன்னார். பலவந்தம் இல்லாமல், ஒளிவுமறைவு இல்லாமல், அனுமதி இல்லாமல், ஒரு வழியை இருபது வருஷம் விடாமல் புழங்கினால் அது சொந்த உரிமை ஆகிவிடும். நிலத்தை யார் வாங்கினாலும் தடுக்க முடியாது.

"அப்ப கேட்டிருந்தா?"

"கேட்டு, அவர் சரின்னு சொல்லியிருந்தா, நூறு வருஷம் போனாலும் ஒண்ணும் கிடையாது. அனுமதியோட போறவர் விருந்தாளி. கேட்காமப் போறவர்தான் உரிமைக்காரர்."

கிளைவ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மிஸ் ஃபென்விக் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இருபது வருஷம் அக்டோபரில்தான் நிறைகிறது. அதற்குள் ஆர்னால்ட் வாயால் 'தாராளமா போய்க்கோ' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் கதை கந்தல். இன்னொன்று, வீட்டில் வேறு யாராவது அனுமதி கேட்டிருந்தாலும் கந்தல்தான். "உங்க மனைவி ஏதாவது கேட்டிருப்பாங்களா?"

"மேவிஸா?" கிளைவ் சிரித்தார். "ஜனவரியில ஆரஞ்சுப்பழ மார்மலேட் காய்ச்சினா அவருக்கு ஒரு ஜாடி குடுத்துட்டு வருவா. அவ்வளவுதான்."

வெளியே வந்து தெருவில் நின்றவருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய தேவாலயத்துக்குள் முதல்முறை நுழைந்து அண்ணாந்து பார்க்கிறவன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார். என்ன தேசம் இது! பிறந்ததிலிருந்து 'தயவுசெய்து' சொல், 'நன்றி' சொல், வரிசையில் நில் என்று காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த தேசம். அதே தேசம், உள்ளுக்குள் ஒரு சட்டத்தை ஒளித்துவைத்துக்கொண்டு, கேட்டவனுக்கு ஒன்றுமில்லை, கேட்காதவனுக்கு நிலம் என்று சொல்கிறது. எந்த ராஜா காலத்திலிருந்தோ வருகிற சட்டமாம். எத்தனை தலைமுறை இதைத் தெரிந்துகொள்ளாமல் 'மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடறீங்களா' என்று கேட்டுக் கேட்டே செத்துப்போயிருக்கும்! தன்னுடைய வெட்கம் வாராவாரம் சேர்ந்து சேர்ந்து ஒரு சொத்தாகவே வளர்ந்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க அவருக்குப் புல்லரித்தது.

அன்றைக்குத்தான் மரியாதை கெட்டவனாக வாழ்வது என்று முடிவெடுத்தார்.

முடிவெடுத்தால் போதுமா? பழக்கம் வேண்டாமா? தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி எடுத்தார். முகத்தை முறைப்பாக வைத்துக்கொள்வது, நன்றி சொல்லாமல் நகர்வது, "இது என் வழி. நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை" என்று கட்டைக் குரலில் சொல்வது. சொல்லி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடுவார். அதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

கண்ணாடியைச் சமாளிக்கலாம். ஆர்னால்டை எப்படிச் சமாளிப்பது? கோடை ஆரம்பத்தில் ஒரு வியாழக்கிழமை, கிளைவ் தொட்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் நுழைந்ததும், ஆர்னால்ட் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏப்பா கிளைவ், இந்தச் சந்து விஷயமா உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்."

அனுமதி! கருணை! அந்த மனிதரின் முகத்தில் அது அப்படியே தெரிந்தது. "வடக்கேருந்து காத்து வருது, வரேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டியோடு ஓடினார். எங்கள் தெருவில் குப்பைத்தொட்டி அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஆர்னால்ட் நல்ல வார்த்தையோடு துரத்துவதும், கிளைவ் ஓடுவதுமாக அந்தக் கோடை போயிற்று. ரொட்டிக் கடையில் ஆர்னால்டின் தொப்பியைப் பார்த்தால் கிளைவ் மாவு மூட்டைக்குப் பின்னால் போய்விடுவார். தேவாலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்னால்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதருகே குனிந்தபோது, கிளைவ் பாட்டை எடுத்தார் பாருங்கள், கூரை அதிர்ந்தது. ஆர்னால்ட் சுருதி பார்த்தே வாழ்ந்த மனிதர். காதைப் பொத்திக்கொண்டு இரண்டு வரிசை தள்ளிப் போய்விட்டார்.

ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் கிளைவ் சோபாவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டார். மேவிஸ் போய்த் திறந்தாள். வாசலில் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். ஒரு வார்த்தைகூட உள்ளே போய்விடக் கூடாது என்று கிளைவ் இரண்டு காதையும் கெட்டியாகப் பொத்திக்கொண்டிருந்தார். கதவு சாத்தியதும் மேவிஸ் வந்து சோபாவின் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணாரு கிளைவ்?"

"ஒண்ணும் பண்ணலை."

"பின்னே ஏன் ஒளியறே? இன்னும் கொஞ்ச நாள்ல போகப்போறாரு. போற மனுஷன்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா?"

"மேவிஸ், நான் ஒரு பெரிய காரியத்துல இருக்கேன். உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரி" என்றாள் மேவிஸ். தேநீர் வைக்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னது கிளைவுக்கு உறைக்காமல் இல்லை. ஆர்னால்டை அவருக்குப் பிடிக்கும். கிளைவுக்கு நிமோனியா வந்து கிடந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் மெதுவாகப் பியானோ வாசித்த மனிதர் அவர். அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஒவ்வொரு தடவையும் கிளைவுக்கு உள்ளே என்னவோ செய்தது. உரிமை வரட்டும், வந்த மறுநாளே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அதுவரைக்கும் சட்டம் சட்டம்தான்.

அக்டோபர் வந்தது. இருபது வருஷம் நிறைந்த அன்றைக்குக் காலையில் கிளைவ் தொட்டியைத் தள்ளிக்கொண்டு சந்தில் நடந்த நடையை ராணி பார்த்திருந்தால் வழிவிட்டு நின்றிருப்பார். சக்கரத்துக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஆர்னால்ட் புறப்படுகிறார். பக்கத்துவீட்டுக்காரர்களை விடைபெறும் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். மேவிஸ் எலுமிச்சைக் கேக் செய்து எடுத்துக்கொண்டாள். கிளைவ் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார், பொத்தான் போடவில்லை, போட முடியவில்லை. போனால், சாமான் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்ட கூடத்தில் டிரப்ஷாவும் உட்கார்ந்திருந்தார். கிளைவுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. எதிரி நேரிலேயே இருக்கிறான்.

கேக்கை வெட்டியதும் ஆர்னால்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கிளைவ், இப்பவாவது அந்தச் சந்து விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

கிளைவ் எழுந்து நின்றார். இனி ஓட வேண்டியதில்லை. கண்ணாடி முன்னால் பழகிய கட்டைக் குரல் தானாக வந்தது.

"அது என் வழி, ஆர்னால்ட். நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருபது வருஷம் போயிருக்கேன். யாரையும் தள்ளலை, ஒளியலை, ஒருத்தர்கிட்டயும் அனுமதி கேட்கலை. சட்டப்படி அது என் உரிமை. மிஸ்டர் டிரப்ஷா கதவு போடட்டும், பூட்டுப் போடட்டும், அது செல்லாது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "மன்னிக்கணும்" என்று முடித்தார்.

ஆர்னால்ட் குழப்பமாகப் பார்த்தார்.

"அனுமதி கேட்கலையா? வருஷாவருஷம் கேட்டீங்களேப்பா. ஜனவரி வந்தா மேவிஸ் மார்மலேட் ஜாடியோட வருவா. 'இந்த வருஷமும் எங்க தொட்டி உங்க சந்து வழியாப் போகலாமா'ன்னு கேட்பா. 'தாராளமாப் போகட்டும் கண்ணு'ன்னு நான் சொல்லுவேன். ஒரு வருஷம்கூடத் தவறினதில்லையே."

கிளைவ் மேவிஸைப் பார்த்தார். மேவிஸ் தட்டில் விழுந்த கேக் தூளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"பின்னே? அடுத்தவங்க நிலத்துல போறோம். ஒருத்தராவது கேட்க வேண்டாமா? நீ கேட்க மாட்டேன்னு குடிவந்த வாரமே தெரிஞ்சு போச்சு. நின்னு மேகத்தைப் பத்திப் பேசிட்டு வந்தே."

கிளைவ் அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். இருபது வருஷத்து உரிமை, இருபது ஜாடி மார்மலேட்டில் கரைந்துபோய்விட்டது. ஒரு கோடைகாலம் முழுக்க நல்ல மனிதர் ஒருவரை அவமதித்தது வீண். மனக்கண்ணில் பால்நிறக் கம்பளம் விரிந்தது, அதன் மேல் தொட்டி உருண்டது, பின்னாலேயே மேவிஸின் முகம் வந்தது.

"மிஸ்டர் டிரப்ஷா" என்றார் ஈனக் குரலில், "கதவை எப்ப போடப் போறீங்க?"

"எந்தக் கதவு?" என்றார் டிரப்ஷா. "நான் பூந்தொட்டி வைக்க இடம் இருக்கான்னு அளந்தேங்க. அந்த வழியை நான் எப்படி அடைக்க முடியும்? அதுதான் பத்திரமாப் பதிவே ஆயிருக்கே. வாங்கும்போதே என் வக்கீல் சொல்லிட்டாரு."

கிளைவ் மறுபடி மேவிஸைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். விற்பனைப் பலகையைப் பார்த்த அன்றைக்கே ஆர்னால்டிடம் போய், எப்போதும்போல் கேட்டாளாம். இந்தத் தடவை ஒரு வருஷத்துக்கு இல்லை, வீடு இருக்கிற வரைக்கும் என்று கேட்டாளாம். அவரும் எப்போதும்போல் தாராளமாக என்றாராம். அப்புறம் கோடைக் கடைசியில் இரண்டு பேரும் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போய், வக்கீல் வைத்துப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம். வீடு அவள் பெயரில் இருப்பதால் கிளைவின் கையெழுத்து தேவைப்படவில்லை.

ராஜாக்கள் காலத்துச் சட்டம், இருபது வருஷம், வெட்கம், ஓட்டம், சோபாவின் பின்புறம். அத்தனையும் சேர்ந்து செய்ய முடியாததை இவள் ஒரு பஸ் டிக்கெட்டில், வாய்விட்டுக் கேட்டு முடித்துவிட்டாள். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இவள் உயரம் என்ன என்று தான் பார்க்கவே இல்லையே என்று கிளைவ் நினைத்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவருக்கு அன்றைக்குத்தான் கண் தெரிந்தது. வக்கீல் வீட்டு வாசலில் வந்த புல்லரிப்பு மறுபடி வந்தது. இந்தத் தடவை அது முதுகிலிருந்து தலைவரைக்கும் போயிற்று.

"நான் சட்டம் படிச்சது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"குளியலறையில நீ பேசினா குழாய் வழியா சமையலறையில கேட்கும். தினம் கேட்டேன். குரல் நல்லாத்தான் இருந்தது."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ கேட்கலையே" என்றாள் மேவிஸ்.

ஆர்னால்ட் இருமினார். அவர் முகத்தில் இன்னும் சங்கடம் போகவில்லை. "அதுல ஒரு நிபந்தனை இருக்குப்பா. அதைத்தான் கோடை முழுக்க உன்கிட்ட கேட்கலாம்னு அலைஞ்சேன். என் முதுகுக்குத் தொட்டியை இழுக்க முடியலை. அதனால, அந்த வழிக்கு ஈடா, உங்க வீட்டுல இருக்கிறவங்க இந்த வீட்டுத் தொட்டியையும் சேர்த்துக் கொண்டுபோய் வைக்கணும், திரும்பக் கொண்டுவரணும்னு எழுதலாமான்னு பேச்சு வந்தது. சுமக்கப்போறவன் நீ. உனக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்காம எழுதக்கூடாதுன்னு நான் சொன்னேன். நீ நின்னாத்தானே? சந்துல ஓடினே, தேவாலயத்துல பாடினே. கடைசியா வீட்டுக்கே வந்தேன்."

"நான்தான் சொன்னேன்" என்றாள் மேவிஸ். "சோபாவுக்குப் பின்னாலதான் இருக்கான், எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கான், மறுப்பு இருந்தா எழுந்திருப்பான்னு."

"சத்தமே வரலை" என்றார் ஆர்னால்ட். "சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்."

"எனக்கும் அந்த நிபந்தனை ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றார் டிரப்ஷா, இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டே. "வீட்டை வாங்கினதே பாதி அதுக்காகத்தான். அது வீட்டோடவே வருமாம் இல்லே?"

கிளைவ் எழுந்தார். ஆர்னால்டிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றியும் மன்னிப்பும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "மேகமா இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"சாயங்காலம் வெளுத்துடும்ப்பா" என்றார் ஆர்னால்ட். கையை அவர் விடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தூறல். கிளைவ் தன் வீட்டுத் தொட்டியை இழுத்துப்போய் வைத்தார், திரும்பி வந்து டிரப்ஷாவின் தொட்டியை இழுத்துப்போய் வைத்தார். டிரப்ஷா ஜன்னலுக்கு உள்ளேயிருந்து தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டிப் புன்னகை செய்தார். எங்கள் தெருவில் யார் முதலில் வைப்பது என்ற இழுபறியும் அன்றோடு தீர்ந்தது. இரண்டு வீட்டுக்கு வைக்கிறவர்தான் முதல் ஆள் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டோம்.

நனைந்து வீடு திரும்புகிற வழியில் கிளைவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. அவ்வளவு படித்த சட்டம் வீணாகப் போகலாமா? பின்கதவைத் திறந்து, சேற்று ஷூவோடு சமையலறைக்குள் ஒரு காலை வைத்தபடியே சொன்னார்.

"மேவிஸ், இந்த வீட்டுக்குள்ள நானும் இருபது வருஷமா வந்து போயிக்கிட்டிருக்கேன். பலவந்தம் கிடையாது. ஒளிவுமறைவு கிடையாது. எனக்கும் இதுல ஏதாவது ஒரு உரிமை வந்திருக்கணுமே?"

மேவிஸ் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். ஷூவைப் பார்த்தாள்.

"வந்திருக்கும் கிளைவ். ஆனா குடிவந்த அன்னிக்கு வாசல்ல நின்னு, உள்ளே வரலாமான்னு என்கிட்ட கேட்டே. ஞாபகம் இருக்கா? வாயேன்னு நான் சொன்னேன்."

கிளைவுக்கு ஞாபகம் வந்தது. மிஸ் ஃபென்விக் சொன்னதும் வார்த்தை மாறாமல் ஞாபகம் வந்தது. நூறு வருஷம் போனாலும் ஒண்ணும் கிடையாது. உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தார். கதவைச் சாத்தினார். மிதியடியில் இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்தார். அப்புறம் கதவைத் தட்டினார்.

"உள்ளே வரலாமா?"

மேவிஸ் கொஞ்சம் யோசித்தாள்.

"இன்னிக்கு வரலாம்" என்றாள்.